மகளை நீரோட்டம் பார்க்கும் படிப்பில் சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

போர் போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு, நிலத்தடி நீர் படிப்பு பெண் பிள்ளைக்குச் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், தாராளமாகச் சேருங்கள். ஆனால் சில நாள் பயிற்சி முடித்ததும் நீரோட்டம் பார்க்கும் மெஷின் வாங்கிக் கொடுத்துத் தொழிலில் இறக்கிவிடலாம் என்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம்.

அந்த மெஷினை வைத்து நீரோட்டம் பார்க்கும்போது, தரையில் நேர்கோட்டில் நான்கு கம்பிகளை அடித்து, வெளிக் கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். தரை காய்ந்திருந்தால் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, இன்னும் ஆழத்தில் உள்ள மின்தடை தெரியவரும். இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாம். ஆனால் மெஷின் காட்டுவது மின்தடையின் எண் ஒன்றைத்தான், தண்ணீரை அல்ல. எண் குறைந்தால் அது ஈரமான சிதைந்த பாறையாக இருக்கலாம், களிமண்ணாகவும் உப்புநீராகவும்கூட இருக்கலாம். உங்கள் பக்கத்துக் கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான். ஆழத்தில் உள்ள மெல்லிய வெடிப்பு அளவீட்டில் சிக்காமலே போய்விடும். அந்த மண்ணின் பாறை தெரிந்தவருக்குத்தான் இதையெல்லாம் பிரித்துப் பார்க்க வரும். நகையை அடகு வைத்து போர் போடும் விவசாயி, நீரோட்டம் பார்ப்பவர் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் வண்டியை வரச்சொல்கிறார். 'இத்தனை அடியில் இத்தனை இன்ச் தண்ணி' என்று அடித்துச் சொல்லும் ஆளாக உங்கள் மகள் ஆகிவிடக் கூடாது.

அதனால் பி.எஸ்சி. புவியியலில், அதாவது ஜியாலஜியில், சேருங்கள். ஜியாகிரஃபியையும் புவியியல் என்றே சொல்வதால் விண்ணப்பத்தில் பார்த்துப் போடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி இரண்டிலும் இந்தத் துறை உண்டு. அப்புறம் எம்.எஸ்சி. கட்டாயம் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியப் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுத அதுதான் தகுதி. கணக்கும் இயற்பியலும் பிடித்த பிள்ளை என்றால் இயற்பியல் வழியாகப் புவி இயற்பியலுக்கும் போகலாம். ஐந்து வருடம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அரசு வேலை உடனே கிடைக்காவிட்டாலும் தனியார் சர்வே நிறுவனங்களில் வேலை இருக்கிறது.

வெளியூர் அலைச்சல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சேர்க்கைக்கு முன்பே, தெரிந்த சர்வே குழுவோடு ஒரு நாள் அவளை அனுப்பி, நீங்களும் கூடப் போய் வாருங்கள். வெயிலில் கேபிள் இழுத்துவிட்டு வந்து அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.