அப்பாவின் நடையும் மறதியும்: வயசு என்று விட்டுவிடாதீர்கள்

இதயச் செயலிழப்பு உள்ள அப்பா நடை தளர்ந்து, மாத்திரை போட்டதையே மறந்து மறுபடி கேட்கிறார், வயசுதானே என்று கேட்டிருந்தீர்கள். அப்படி விடாதீர்கள். இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது காலுக்கும் மூளைக்கும் சேர்த்தே குறைகிறது, அதனால் இரண்டும் ஒன்றாகத் தளர்வது அடிக்கடி நடக்கிறது. ஆனால் நீர் பிரிய வைக்கும் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து இறங்கினாலும், எழுந்து நிற்கும்போது பிரஷர் விழுந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அவை சரிசெய்யக்கூடியவை. ரத்தப் பரிசோதனையும், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், 4 மீட்டரை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள், 5 விநாடிக்கு மேல் ஆனால் அதையும் டாக்டரிடம் சொல்லி, இதய மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது இதய நோயாளிகளுக்கு மேற்பார்வையில் தரும் உடற்பயிற்சி, பற்றிக் கேளுங்கள். மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா வாங்கிவிடுங்கள். திடீர்க் குழப்பம், வாய் கோணல், பேச்சுக் குளறல் வந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான்.