எட்டு ஊரா, மூன்று ஊரா? ஜப்பானியக் கைவினைச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. நானும் கணவரும் ஜப்பானின் கிராமங்களையும் கைத்தொழில்களையும் பார்க்க ஒரு சிறு குழுச் சுற்றுலாவில் சேர நினைக்கிறோம். இரண்டு திட்டங்கள் கையில் இருக்கின்றன. ஒன்றில் 11 நாளில் எட்டு ஊர், 22 பேர். இன்னொன்றில் அதே 11 நாளில் மூன்றே ஊர், 10 பேர். கட்டணம் மட்டும் ஒன்றரை மடங்கு. அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா? கணவர் சுத்த சைவம். எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. எந்த மாதம் போவது நல்லது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கையைக் கடிக்காது என்றால் மூன்று ஊர்த் திட்டத்தையே எடுங்கள். கையைக் கடிக்கும் என்றால் இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்துவிட்டு அதிலேயே போங்கள். கோயில், கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு எட்டு ஊர்த் திட்டம் ஒத்துவரும். கைத்தொழில் பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஒத்துவரவே வராது.

காரணம், பட்டறைகள் சின்னவை. காகிதத் தொட்டி ஒன்றைச் சுற்றி வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நான்கைந்து பேர்தான் நிற்க முடியும். 22 பேர் பேருந்தில் வந்து இறங்கினால் அவர்களைப் பட்டறைக்குள் விட மாட்டார்கள். பயணிகளுக்கென்று கட்டிய கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சின்னச் சட்டத்தைக் காகிதக் கூழில் முக்கி, மேலே இரண்டு இலை ஒட்டி, அரை மணியில் ஒரு அஞ்சலட்டையோடு வெளியே வரலாம். குழந்தைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. நீங்கள் பார்க்க ஆசைப்படுவது அதுவல்ல.

ஃபுகுய் மாநிலத்தின் எச்சிசென் பகுதியில் காகிதம் வார்க்கும் அம்மா ஒருவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். மூங்கில் பாய் பொருத்திய சட்டத்தால் கூழை அள்ளி, முன்னும் பின்னும் ஆட்டுவார். பக்கவாட்டிலும் ஆட்டுவார். மிச்ச நீரை ஒரே வீச்சில் தள்ளிவிட்டு மறுபடி அள்ளுவார். தாளின் கனம் எத்தனை தடவை அள்ளுகிறார் என்பதில் இருக்கிறது. தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள் என்று அவர் சொன்னால் தயங்காதீர்கள். தண்ணீர் வழவழவென்று இருக்கும். தொரோரோ-அஓய் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த பசை அது. நம் வெண்டைக்கு நெருங்கிய உறவுச் செடி. அந்த வழவழப்பு நீரைச் சட்டென்று வடியவிடாது, அதனால் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராகப் படியும். வெயில் ஏறினால் பசை நீர்த்துப்போகும். காகிதம் குளிர்கால வேலையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்து அறையில் இன்னொருவர் கோசோ மரப்பட்டை நாரைத் தண்ணீரில் அலசி, அதிலுள்ள கறுப்புத் தூசுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்த பிறகு ஒரு தாளின் விலையைக் கேட்டு யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

உங்கள் மூன்று ஊர்களில் ஒன்று எச்சிசென் பக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது. எச்சிசென் நகரம், சபாஏ, எச்சிசென் சிற்றூர் மூன்றையும் சேர்த்தால் சுமார் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் காகிதம், உருஷி என்ற மரப்பால் பூசிய பாத்திரம், கத்தி, மரப்பேழை, மண்பாண்டம் என ஐந்து தொழில்கள் இன்றும் நடக்கின்றன. போதாததற்கு, ஜப்பானில் தயாராகும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஃபுகுயில் செய்வதுதான். ஒரே ஊரில் தங்கினால் இவற்றுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலும் புலப்படும். உருஷிப் பால் எடுக்க ஊர் ஊராகப் போன எச்சிசென்காரர்கள், உள்ளூர்க் கொல்லர்கள் அடித்த அரிவாள்களையும் கூடவே எடுத்துப்போய் விற்றார்கள். அந்தக் கொல்லர் மரபு இன்று தகேஃபு கத்திக் கிராமத்தில் தொடர்கிறது. பல கொல்லர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பட்டறை அது. மேல்தளத்தில் நின்றபடியே வேலையைப் பார்க்கலாம். இரண்டு கத்தித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுத்தியலுக்குக் கீழே கொடுத்து மெலிப்பார்கள். சேர்ந்தே இருப்பதால் சூடு சீக்கிரம் ஆறாது, இரண்டும் ஒரே சீராக மெலியும். எச்சிசென் கொல்லர்களின் தனி முறை இது.

போக்குவரத்தும் இப்போது சுலபம். ஹோக்குரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் 2024 மார்ச் 16 முதல் ஃபுகுய் வழியாக ட்சுருகா வரை ஓடுகிறது. டோக்கியோவிலிருந்து ஃபுகுய்க்கு மாறி ஏறாமல் சுமார் மூன்று மணி நேரம்.

உருஷி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரத்திலிருந்து ஒரு பருவத்தில் கிடைப்பது சுமார் 200 கிராம்தான். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இந்த மரத்தின் குடும்பமே. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து தடிப்பதுபோல் பச்சை உருஷியும் தடிக்கவைக்கும். மாம்பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் பச்சை உருஷியில் கை வைக்கும் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள். பூசி இறுகிய பாத்திரத்தால் தொந்தரவு இல்லை.

இன்னொன்று. உருஷி காய்வதற்கு வெயில் உதவாது. ஈரக் காற்றில்தான் இறுகும். அதனால் பூசிய பாத்திரங்களை ஈரப்பதம் வைத்த அலமாரிக்குள் அடுக்கி, ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை காத்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் திட்டத்தில் "கின்சுகி, இரண்டு மணி நேரம், செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்" என்றிருக்கும் வரியை எடைபோடுவது சுலபம். உடைந்த கிண்ணத்தை உண்மையான உருஷியால் ஒட்டி, தங்கப்பொடி தூவி முடிக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மணியில் முடிகிறது என்றால் அது செயற்கைப் பசை. செய்து பார்க்க நன்றாகவே இருக்கும். அதில் சாப்பிட வேண்டாம்.

கிண்ணம் வாங்கும்போதும் அப்படித்தான். சபாஏயில் செய்யும் பாத்திரங்களில் நிறைய உணவகங்களுக்குப் போகிறவை. பிளாஸ்டிக் அடிப்பொருளில் செயற்கைப் பூச்சு பூசியவை. கடைக்காரர் யாரையும் ஏமாற்றுவதில்லை. அடிப்பொருள் எது, பூச்சு எது என்று பெட்டிக்குள் இருக்கும் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். வழிகாட்டியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மரத்தில் கடைந்து உருஷி பூசிய நல்ல கிண்ணம் சாதாரணமாகவே 10,000 யென்னைத் தாண்டும். பத்து சின்னச் சாமான் வாங்குவதை விட அப்படி ஒன்று வாங்குவதே மேல் என்பேன்.

கிராம வாழ்க்கைக்கு கொகாயாமாவைத் திட்டத்தில் தேடுங்கள். 1995-ல் பக்கத்து ஷிரகாவா-கோவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மலைக் கிராமங்கள் இவை. ஷிரகாவா-கோவில் பகலில் சுற்றுலாக் கூட்டம் நெரியும். கொகாயாமாவின் அஇனோகுரா, சுகனுமா ஊர்கள் சின்னவை, அமைதியானவை. செங்குத்தான புல் கூரையின் மரங்களை ஆணி அடிக்காமல் கயிற்றாலும் வளைத்த இளங்கிளைகளாலும் கட்டியிருப்பார்கள். மேல்மாடியில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்குக் கீழே குழி வெட்டி வெடியுப்பு தயாரித்து காகா சிற்றரசுக்குக் கொடுத்தார்கள். கூரை மாற்றும் நாளில் ஊரே கூடி வேலை செய்யும் வழக்கம் உண்டு. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு இரவாவது அங்கே தங்க வேண்டும். பகலில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிற திட்டத்தில் கொகாயாமா இருந்தும் பயனில்லை.

உங்கள் முழங்கால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய வீடுகளில் கணப்பைச் சுற்றித் தரையில்தான் சாப்பாடு, படுக்கையும் தரையில், கழிப்பறை பொது, படிக்கட்டு செங்குத்து. ஒரு இரவுக்குச் சமாளிக்கலாம் என்று தோன்றினால் சரி. நாற்காலி போட முடியுமா, கீழ்த்தள அறை கிடைக்குமா என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். முதியவர்கள் நிறைந்த ஊர்கள் என்பதால் உயரமான நாற்காலி பல வீடுகளிலேயே இருக்கும். முடியாது என்றால் அந்த இரவு மட்டும் பக்கத்து நகரத்தில் கட்டில் உள்ள விடுதி தரச் சொல்லுங்கள். 10 பேர் குழுவில் இப்படி ஏற்பாடு செய்ய முடியும்; 22 பேர் குழுவில் கஷ்டம்.

அடுத்தது உங்கள் கணவரின் சாப்பாடு. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஜப்பானியச் சமையலில் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், வேகவைத்த காய், சோபா நூடுல்ஸின் தொடுநீர், சில ஊறுகாய் எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாததால் பரிமாறுகிறவருக்கே அது அசைவமாகத் தோன்றாது. "மீன், இறைச்சி, முட்டை வேண்டாம், மீன் சாறும் வேண்டாம், கடற்பாசிச் சாறு பரவாயில்லை" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டை நிறுவனமே தயாரித்து, ஒவ்வொரு விடுதிக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கிராம விடுதியில் அன்றைய சாப்பாட்டுக்கு அன்றைக்குத்தான் சாமான் வாங்குவார்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும்.

ஃபுகுயில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தோகென் துறவி 1244-ல் நிறுவிய எய்ஹெய்-ஜி என்ற ஜென் மடம் அங்கேதான். மடத்துச் சமையலில் மீன் சாறே கிடையாது. எள்ளை அரைத்துக் கிளறிச் செய்யும் எள் தோஃபு அங்கே பெயர் பெற்றது. ஒரு வேளையாவது அங்கே சாப்பிட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பருப்புப் பொடி கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்துப் பயிர்ச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

மாதம் என்று கேட்டால், மே பின்பாதி அல்லது அக்டோபர். மே பின்பாதியில் நாற்று நட்ட வயல்களில் நீர் நிற்கும். அக்டோபரில் காற்று இதமாக இருக்கும், ஃபுகுய்ப் பட்டறைகள் ரெனியூ என்ற விழாவுக்காகக் கதவைத் திறந்துவைப்பதும் அப்போதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, அறை கிடைக்காது, விலையும் ஏறும். ஆனால் அந்த விடுமுறைக்குள்ளேயே, மே 3 முதல் 5 வரை, எச்சிசென் காகிதக்காரர்கள் தங்கள் காகிதத் தெய்வமான கவாகாமி கோசெனுக்கு விழா எடுக்கிறார்கள். அதைப் பார்க்கவென்றே கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காகித வேலைக்கு உச்சம் ஜனவரி, பிப்ரவரி. முழங்கால் வலியோடு அந்தப் பனியில் நடக்க நான் சொல்ல மாட்டேன்.

திட்டத்தில் வாஜிமா இருந்தால் தனியாக விசாரியுங்கள். உருஷிக்குப் பெயர்போன அந்த ஊர் 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் பெரிய அடி வாங்கியது. காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது. அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. எந்தப் பட்டறை வரச் சொல்லியிருக்கிறது என்று பெயரோடு பதில் வந்தால் தாராளமாகப் போங்கள், வாங்குங்கள். இடிந்த தெருவைப் பேருந்திலிருந்து காட்டுகிற பயணம் என்றால் அந்த நாளை வேறு எதற்காவது மாற்றச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் மணிவாரியான நிகழ்ச்சி நிரல் கேளுங்கள். "கைவினைஞரைச் சந்தித்தல்" என்பது 40 நிமிடமா, அரை நாளா என்று அதில் தெரிந்துவிடும். வேலையை நிறுத்திவிட்டு நம்மோடு பேசுகிறவருக்கு அந்த நேரத்துக்குப் பணம் தரப்படுகிறதா என்றும் கேளுங்கள். விற்பனையை நம்பி இலவசமாகக் காட்டுகிறார் என்றால் எல்லோருக்கும் சங்கடம். உடன் வருகிற மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் தொழிலின் சொற்கள் தெரியுமா என்பதும் முக்கியம்; அது தெரியாதவர் இருந்தால் அரை நாள் பட்டறையும் வீண்.

கடைசியாக, சிறு குழுவில் உள்ள ஒரே பெரிய சிக்கல். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். 10 பேர் திட்டம் எத்தனை பேர் சேர்ந்தால் புறப்படும், எந்தத் தேதியில் அதை உறுதிசெய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த உறுதி வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். விசா விண்ணப்பத்தையும் அதற்கேற்ற இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள். திரும்பி வரும்போது கத்தி வாங்கியிருந்தால் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போடுங்கள்.