வாசகர் கேட்டவை: 'சேலம்-1' எங்கே போயிற்று?

கேள்வி: என் தந்தையின் பழைய வாக்காளர் அட்டையில் 'சேலம்-1' என்றும் என்னுடையதில் '89 - சேலம் வடக்கு' என்றும் உள்ளன. வீடு மாறவில்லை, தொகுதி மட்டும் எப்படி மாறியது? சேலம் வடக்கின் பழைய தேர்தல் வரலாற்றை எங்கே தொடங்குவது?
- வாசகர் ஒருவர், சேலம்

பதில்: 2011இல்தான் தொடங்க வேண்டும். 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரையப்பட்ட எல்லைகளுடன்தான் 1977 முதல் 2006 வரை சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. இதற்கிடையில் ஊர் அந்தக் கோடுகளுக்குள் அடங்காமல் வளர்ந்து, சூரமங்கலம் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டு 1994இல் மாநகராட்சியாயிற்று. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கின்படி எல்லைகளை மாற்றியமைத்தபோது சேலம்-1, சேலம்-2 ஆகிய இரண்டும் மறைந்து, மேற்கு (88), வடக்கு (89), தெற்கு (90) என மூன்று தொகுதிகள் வந்தன. பக்கத்திலிருந்த பனமரத்துப்பட்டியும் தாரமங்கலமும் பட்டியலிலிருந்தே நீங்கின. அட்டையின் பின்புறம் முகவரிக்குக் கீழே அச்சாகியிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் வீட்டுக்கு வந்த மாற்றம்.

ஆகவே சேலம்-1இன் வாரிசு வடக்கு என்பது பாதி உண்மைதான். பழைய வாக்கு எண்ணிக்கையைப் புதியதன் பக்கத்தில் வைத்து ஏற்ற இறக்கம் கணக்கிடுவது பிழை. கட்சிகளே கணக்கை மாற்றிப் போட வேண்டியிருந்தது. 2006இல் சேலம்-2இல் வென்ற வீரபாண்டி ஆறுமுகம் 2011இல் சங்ககிரிக்குச் சென்று தோற்றார். பனமரத்துப்பட்டியில் 2006இல் வென்ற தி.மு.க.வின் ரா. இராஜேந்திரனோ வடக்கில் 2016, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் வென்றார். வடக்கின் முதல் உறுப்பினர், அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க.வின் மோகன்ராஜ்.

2021 முடிவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மேற்கில் 2011, 2016 இரண்டிலும் வென்றிருந்த அ.தி.மு.க.வின் ஜி. வெங்கடாஜலம், அத்தொகுதி பா.ம.க.வுக்கு ஒதுக்கப்பட்டதால் வடக்கில் நிறுத்தப்பட்டு இராஜேந்திரனிடம் தோற்றார், மேற்கில் பா.ம.க.வின் அருள் வென்றார். மாவட்டத்தின் 11 தொகுதிகளில் அம்முறை தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தது வடக்கு ஒன்றே. தெற்கில் 2011, 2016, 2021 மூன்றிலும் அ.தி.மு.க. வென்றது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேட்பாளர் வேறு. மூன்றே தேர்தலைக் கண்ட தொகுதியைக் 'கோட்டை' என்று எழுதும் பழக்கம் நம் பத்திரிகைக்காரர்களுக்கு உண்டு, நானும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மக்களவைத் தொகுதியின் பெயர் மட்டும் 'சேலம்' என்றே இருக்கிறதே, அதன் வரலாறாவது தொடர்ச்சியானதா?
- அதே வாசகர்

பதில்: பெயர் தொடர்கிறது, எல்லை அப்படியில்லை. 2009 முதல் மாநகரின் மூன்று தொகுதிகளோடு ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி ஆகியவையும் சேர்ந்ததே சேலம் மக்களவைத் தொகுதி. 1984, 1989, 1991 என மூன்று முறை ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸ் சார்பில் வென்றதும், 1998இல் வாழப்பாடி இராமமூர்த்தி தம் தனிக்கட்சியின் சார்பில் வென்றதும் பழைய எல்லைக்குள் நடந்தவை. கட்சியும் எல்லையும் மாறியபின் அதே பெயருள்ள தொகுதியில் மீண்டும் வென்றவர் டி.எம். செல்வகணபதி: 1999இல் இரட்டை இலையில், 2024இல் உதயசூரியனில்.