அடுத்தாள்

கேள்வி: அமெரிக்க அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த ஆள் யார் என்று 18 பேர் வரிசையாக இருக்கிறார்களாமே! இங்கே பொறுப்பு பிரதமர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா?
– ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: முதலில், அது 'பொறுப்புப் பிரதமர்'. நடுவில் இருந்த 'ப்' எங்கே? இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் ஒற்றுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். 'ஒற்று விழுந்தால் குடியா முழுகிவிடும்?' என்று கேட்கும் தேவகோட்டை நண்பர் இதைப் படித்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அடுத்து, அந்த 'அடுத்த ஆள்'. கண்டனூர்க்காரர் அதைப் பிரித்து எழுதலாமா? நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் அது ஒரே சொல்: அடுத்தாள். அந்தக் காலத்தில் பர்மாவில் லேவாதேவிக் கடை, அதாவது வட்டிக் கடை. முதலாளி இங்கே முகப்பில் சாய்ந்திருப்பார். அங்கே கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் கப்பலேறிவிட வேண்டும். நடுவில் அவர் காய்ச்சலில் படுத்தால் 'இனி யார்?' என்று யாரும் கூட்டம் போடவில்லை. பதில் பட்டத்திலேயே இருந்ததே!

டெல்லியில் பிரதமருக்கு அப்படி ஓர் அடுத்தாள் சட்டத்தில் கிடையாது. 1964-ல் நேரு மறைந்தபோதும் 1966-ல் சாஸ்திரி மறைந்தபோதும் குல்சாரிலால் நந்தாவைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் 13 நாள். இங்கே நாவலர் நெடுஞ்செழியன்: அண்ணா போனபோது 1969-ல், எம்.ஜி.ஆர். போனபோது 1987-ல். அடுத்தாளாக வந்து, அடுத்தாளாகவே திரும்பிய இருவர்.

குடியரசுத் தலைவர் பதவிக்குச் சட்டம் உண்டு. 1969 மே 3-ல் ஜாகிர் உசேன் இறந்தார். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். இரண்டு நாற்காலியும் காலியானால் என்ன செய்வது என்று அப்போதுதான் உறைத்தது. தலைமை நீதிபதி உட்காரலாம் என்று அந்த மாதமே சட்டம் போட்டார்கள். தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் கிரி ராஜினாமா செய்ய, ஹிதாயத்துல்லா 35 நாள் உட்கார்ந்தார். மே மாதம் வெட்டிய கிணற்றில் ஜூலையிலேயே தண்ணீர் இறைத்தாயிற்று!

அமெரிக்காவில் அதிபர் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தும் இரவில் ஓர் அமைச்சரை மட்டும் வேறிடத்தில் வைத்துவிடுவார்கள். கூரையே இடிந்தாலும் ஒருவர் மிஞ்ச வேண்டுமாம். இதில் என்ன அதிசயம்? வளவே திரண்டு கல்யாணத்துக்குப் போனாலும் கொத்துச்சாவியோடு ஓர் ஆச்சி வீட்டில் இருக்கிற ஊர் நம்முடையது. ஆச்சிக்குத் தூக்குச்சட்டியில் பாயசமாவது வந்து சேரும். அந்த அமைச்சருக்கு என்ன வருமோ!

எங்கள் கதையையும் கேளுங்கள். போன தீபாவளிக்கு எனக்கு டெங்கு. அலமாரிச் சாவி என் வேட்டி மடிப்பில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. தீபாவளி மலர் கார்த்திகைக்கு வெளிவந்தது. இப்போது பெட்டியடிப் பையனையே அடுத்தாள் ஆக்கியிருக்கிறேன். கெட்டிக்காரன். ஆனால் 'ப்' போடமாட்டேன் என்கிறான். சாவியை இன்னும் கொடுக்கவில்லை.