ரத்தத்தில் செரட்டோனின் அதிகம்: தம்பிக்கு வாழைப்பழத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. ஆட்டிசம் உண்டு, அதிகம் பேசமாட்டான். கொஞ்ச நாளாக இரவில் தூங்காமல் வலது கன்னத்தில் அறைந்துகொள்கிறான். தெரிந்தவர் சொன்னதால் ரத்தத்தில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் அளவைப் பார்த்தோம். அதிகம் என்று வந்திருக்கிறது. அதனால்தான் இப்படியா? வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது என்பதால் அதை நிறுத்திவிட்டோம். மாத்திரை உண்டா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள், அம்மா. முதலில் தம்பியின் பல்லைப் பார்க்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் ஒரே பக்கமாக அறைந்துகொண்டால் அங்கே வலி இருக்கிறதா என்றுதான் யோசிக்க வேண்டும். சொத்தை, ஞானப்பல், காதில் சீழ், ஏன், மலச்சிக்கல்கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் பக்கம் மெல்லாமல் விழுங்குகிறாரா, பல் துலக்க விடுகிறாரா என்று கவனியுங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு அழைத்துப் போங்கள்.

சரி, செரட்டோனினுக்கு வருவோம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதை 1961-லேயே கவனித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை. பருவ வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே பெரியவர்களுக்கு இந்த எண்ணை வைத்து ஆட்டிசம் உண்டு, இல்லை, கூடியது, குறைந்தது என்று எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ரத்தத்தில் இருக்கும் செரட்டோனின் பெரும்பாலும் குடலில் உருவாகி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் சேர்ந்திருப்பது. அது மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வாழைப்பழத்தைத் தாராளமாகத் திரும்பக் கொடுங்கள். பிடித்த சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் ஆட்டிசம் உள்ளவருக்கு அதுவே பெரிய கலக்கம்.

இந்த எண்ணைக் குறைக்க மாத்திரை வேண்டாம். ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை ரத்தச் செரட்டோனினைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அவற்றைக் கொடுப்பது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும். தம்பிக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று மனநல மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடிக்கடி முகம் குபீரென்று சூடேறுவதும், நிற்காத வயிற்றுப்போக்கும் இருந்தால் மட்டும் அந்த ரிப்போர்ட்டைக் குடல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்ப்பது ஆட்டிசத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு காரணத்தை.