மிளகும் மிச்ச மாத்திரையும்

அன்புள்ள ஐயாவுக்கு,
மிளகிலுள்ள பைப்பரின் ஆன்டிபயாட்டிக்கின் வீரியத்தைக் கூட்டும் என்று படித்தேன். கால் புண்ணுக்கு மருத்துவர் ஏழு நாளுக்கு எழுதிக் கொடுத்த சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டுத் திரிகடுகக் கஷாயம் குடித்து வருகிறேன். இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் அல்லவா?
ஒரு வாசகர், பெகு, பர்மா

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மருத்துவரிடம் போய், மாத்திரையை நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் படித்தது பொய்யன்று. பாலம் வருமுன் மோல்மேனிலிருந்து மார்த்தபானுக்குப் போன ஓட்டைப் படகுகளில், உள்ளே ஏறும் தண்ணீரை ஒரு பையன் தகரக் குவளையால் இறைத்துக்கொண்டே வருவான். ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியிடமும் அப்படியொரு பம்பு உண்டு. உள்ளே நுழைந்த சிப்ரோபிளாக்சசினை அது வெளியே தள்ளிவிடும். பைப்பரின் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதை ஜம்மு ஆய்வாளர்கள் 2006இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். கையைப் பிடித்தால் போதுமா? படகு மூழ்கத் தண்ணீர் ஏற வேண்டாமா? தண்ணீரைத்தான் நீங்கள் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டீர்கள். 2009இல் இந்தியாவில் அனுமதி பெற்ற காசநோய் மருந்திலும் 10 மில்லிகிராம் பைப்பரினை ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தே அடைத்தார்கள். வெறும் மிளகை யாரும் கொடுக்கவில்லை.

முன்னோர் பேச்சுக்கு வருகிறேன். என்னைச் சீண்டியது அதுதான். கிருமியைக் கொல்லும் பெர்பெரின் என்ற பொருளை உண்டாக்கும் செடி, அதை வெளியே தள்ளும் கிருமியின் பம்பை அடைக்கும் பொருளையும் தானே உண்டாக்குகிறது என்று 2000இல் கண்டறிந்தார்கள். அந்த அடைப்பான், தொழுநோய்க்கு அந்நாளில் கொடுத்த சால்முக்ரா எண்ணெயிலும் சிறிதளவு உண்டு. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜோசப் ராக் நம் பர்மாவின் சிந்த்வின் ஆற்றுக் காடுகளுக்குத் தேடி வந்தது அந்த எண்ணெய் தரும் கலோ மரத்தைத்தான். என் அப்பாயி அந்த எண்ணெயை, தெருவே ஒதுக்கிவைத்த பக்கத்து வீட்டுத் தொழுநோயாளிக்கு வெறுங்கையால் தேய்த்துவிடுவார். பம்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த எண்ணெயால் அந்த மனிதர் குணமாகவும் இல்லை, பின்னால் வந்த சல்போன் மாத்திரையால்தான் குணமானார். அறியாததை அறிந்ததாக அப்பாயியின் தலையில் ஏற்றினால், அவர் உண்மையில் செய்தது கண்ணில் படாமல் போகிறது. ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் அந்த வீட்டுக்குப் போகத் தவறியதில்லை. ஏழு நாள் பொறுக்காத நீங்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்!

கஷாயம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் வலிப்புக்கான பெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புண் எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள்.