எழுபதாவது வயதில் கப்பல்: பால்கனி வேண்டுமா, மாடியைக் காட்டேஜ் ஆக்கலாமா?

கேள்வி: குன்னூரில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 64 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 70 வயதுக்கான பீமரத சாந்தி முடிந்த கையோடு மகள் ஒரு யோசனை சொன்னாள்: சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவு கப்பல் பயணம். எங்களுடன் நாத்தனாரும் வருகிறார், ஓய்வு பெற்ற நர்ஸ், தனி ஆள். ஏஜென்ட் சொல்வது: ஜன்னல் இல்லாத உள் கேபின் ஆளுக்கு ₹46,000, பால்கனி ₹72,000. நாத்தனார் தனியாக உள் கேபின் எடுத்தால் ₹88,000. எங்கள் இருவருக்கும் பால்கனி, அவருக்கு உள் கேபின், ஆக மொத்தம் ₹2.32 லட்சம், வட்டி இல்லாத இ.எம்.ஐ. உண்டு, இந்த மே மாதமே போகலாம் என்கிறார். ₹5 லட்சம் எஃப்.டி. நவம்பரில்தான் முடிகிறது. மாடியில் ₹9,000 வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களைக் காலி செய்துவிட்டு சீசனுக்கு டூரிஸ்ட்டுகளுக்கு விட்டால் நாள் வாடகை ₹3,500 கிடைக்கும், கப்பல் செலவு அதிலேயே வந்துவிடும் என்கிறார் தெரிந்த புரோக்கர். இறங்கும் ஊர்களில் கப்பல்காரர்களின் டூரையே எடுக்க வேண்டுமா? கடைசியாக ஒன்று, சிரிக்கக் கூடாது: டீத்தூள் கொண்டு போகலாமா?

பதில்: போய் வாருங்கள் அம்மா. ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், பால்கனி வேண்டாம். மாடியில் இருக்கும் குடும்பத்தை அசைக்கவே வேண்டாம்.

முதலில் அந்த ₹2.32 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். அது கப்பலுக்குள் படுக்க இடமும் சாப்பாடும். உங்கள் ஏஜென்ட் அனுப்பிய தாளின் கீழே பொடி எழுத்தில் ‘துறைமுக வரி, டிப்ஸ் தனி’ என்று இருக்கும், தேடுங்கள். துறைமுக வரி ஆளுக்கு ₹9,000 என்று வைத்தால் ₹27,000. டிப்ஸ் என்பது நம் ஊர் ஓட்டலில் விருப்பப்பட்டு வைத்துவிட்டு வருவது போல இல்லை. பெரிய கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறிவிடும். 18 டாலர், 3 பேர், 4 இரவு, டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் ₹19,500 பக்கம். கோயம்புத்தூரில் இருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, போக வர 3 பேருக்கு ₹75,000 ஒதுக்குங்கள். கப்பல் கிளம்பும் நாள் காலையில் போய் இறங்கும் வேலை வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, டிக்கெட் பணமும் போய்விடும். முந்தின நாளே போய் ஓட்டலில் தங்குங்கள், இரண்டு அறைக்கு ₹24,000. விசா, ஏஜென்ட் கூலி ₹12,000. இன்சூரன்ஸ் ₹12,000. ஊர் சுற்ற ₹30,000, கப்பலில் சில்லறைச் செலவு ₹15,000.

ஏஜென்ட் சொன்ன ₹2.32 லட்சத்தில் இதையெல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ₹4.47 லட்சம். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். இவற்றில் பல நான் போட்ட உத்தேசத் தொகைகள்தான். உங்களுக்கு வரும் உண்மையான எண்ணை அதே இடத்தில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கேபின். குன்னூர்க்காரருக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம், நானும் கோத்தகிரிக்காரன். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பர்லியார் வளைவுகளில் இறங்கியிருப்பீர்கள். அடுத்த முறை நடு சீட்டு பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கப்பலும் அப்படித்தான். முன்பக்கமும் பின்பக்கமும் அதிகம் ஆடும், மேலே போகப் போக ஆட்டம் கூடும். நீள வாக்கில் நடுவில், கீழ்த் தளத்தில் உள்ள கேபினில் குமட்டல் குறைவு. கீழ்த் தளம் என்பதால் விலையும் பெரும்பாலும் குறைவு. இப்படி நல்லதும் மலிவானதும் ஒரே இடத்தில் அமைவது பயணத்தில் அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

பால்கனிக்கு நீங்கள் இருவரும் கூடுதலாகக் கொடுப்பது ₹52,000. நான்கு இரவில் இரண்டு நாள் பகலில் கரையில் இருப்பீர்கள். மற்ற நேரத்தில் கடலைப் பார்க்க மேல் தளத்தில் நாற்காலி போட்டிருக்கிறது, அதற்குத் தனிக் காசு இல்லை. சமாளிக்க வேண்டியது உள் கேபினின் இருட்டு ஒன்றைத்தான். விடிந்ததே தெரியாது, ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டு போனால் போதும்.

மூவரும் ஒரே கேபினில் தங்கினால் இன்னும் மிச்சமாகும் என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். அந்த மூன்றாவது படுக்கை பல கப்பல்களில் ரயிலின் அப்பர் பெர்த் மாதிரி சுவரில் இருந்து இறங்குவது. 60 தாண்டிய யாரும் அதில் ஏற வேண்டாம். பாத்ரூமும் ஒன்றுதான். 70 வயதுக்காரர் இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அருகருகே இரண்டு உள் கேபின் எடுங்கள்: உங்களுக்கு ₹92,000, நாத்தனாருக்கு ₹88,000. ஒற்றை ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆள் கட்டணம் வாங்குவது அநியாயமாகத்தான் தெரியும். கேபினை இருவருக்கு என்று கணக்குப் போட்டு விற்கிறார்கள், காலிப் படுக்கைக்கும் சேர்த்து வசூலிப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். இன்னொன்று: ‘கேரண்டி’ கேபின் என்று குறைந்த விலையில் ஒன்று காட்டுவார்கள். அதில் எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனி கடைசியில் முடிவு செய்யும். இரண்டு கேபினும் பக்கத்தில் இருக்க வேண்டிய உங்களுக்கு அது ஒத்துவராது. அறை எண்ணோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். மேலே நீச்சல் குளமோ கீழே நாடக அரங்கமோ இருக்கிறதா என்று தள வரைபடத்தில் பாருங்கள், நாற்காலி இழுக்கிற சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

இந்த மாற்றத்தோடு மொத்தம் ₹3.95 லட்சம். அதில் நாத்தனாரின் பங்கு ₹1.64 லட்சம். அவருக்கும் பென்ஷன் வருகிறது, அவரே கொடுப்பார் என்று நினைக்கிறேன். இதை டிக்கெட் போடும் முன்பே பேசிவிடுங்கள், கப்பலில் ஏறிய பிறகு பேசினால் முகம் சுருங்கும். உங்கள் இருவர் பங்கு ₹2.31 லட்சம்.

இன்சூரன்ஸுக்கு மட்டும் மலிவு பார்க்காதீர்கள். 70 வயதில் பிரீமியம் ஏறும், ஏறட்டும். கப்பல் மருத்துவர் ஊசி போட்டாலும் பில் டாலரில் வரும், நடுக்கடலில் இருந்து ஆளைக் கரைக்குக் கொண்டு போக நேர்ந்தால் அந்தத் தொகையை இங்கே எழுதிப் பயமுறுத்த விரும்பவில்லை. சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட், எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ‘கப்பல் பயணம் சேர்ந்தது’ என்று பாலிசியில் எழுத்தில் இருக்கட்டும். நாத்தனார் நர்ஸ் என்பது இன்சூரன்ஸுக்கு மாற்று ஆகாது.

இனி ஊர் சுற்றுவது. ஊட்டிக்கு வரும் ஒரு நாள் டூர் வேனைப் பார்த்திருப்பீர்கள். தொட்டபெட்டாவில் இருபது நிமிடம், பொட்டானிக்கல் கார்டனில் ஒரு மணி நேரம், அப்புறம் சாக்லேட் கடை, தைலக் கடை என்று மிச்ச நேரம் முழுக்கக் கடை. ஏன் அந்தக் கடையில் மட்டும் நிற்கிறது என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்து டூர்களும் அதே வகைதான், தைலத்துக்குப் பதில் ரத்தினக் கல். எனவே டூர் பட்டியலில் ‘ஷாப்பிங் நிறுத்தம்’ எத்தனை என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்.

பினாங்கில் டூரே வேண்டாம். கப்பல் நிற்கும் இடம் ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், சுற்றிலும் தமிழ்ப் பேச்சு, இட்லிக்கடை. பினாங்கு மலைக்கு ரயில் போகலாம் என்று இழுப்பார்கள். 1923-இல் திறந்த இழுவை ரயில், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த ரயிலின் கூவலைக் கேட்டே கண் விழிக்கும் உங்களுக்கு அது அவசியமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

புக்கெட் வேறு கதை. அங்கே கப்பலின் சொந்த டூரையே எடுங்கள், விலை ஒன்றரை மடங்காக இருந்தாலும் சரி. பெரிய கப்பல்கள் பாடோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குவது வழக்கம். அங்கே சாலையும் நெரிசல். கப்பலின் டூர் வேன் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பிடித்த டாக்சி தாமதமானால் கிளம்பிவிடும். இதைவிட மோசமானது கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், உங்கள் செல்போனோ கரையில் கால் வைத்ததும் தானாக மாறிவிடும். ‘5 மணிக்குள் திரும்பவும்’ என்று அறிவித்திருப்பார்கள். செல்போனில் 4 மணி காட்டும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது கப்பலில் மணி 5. உங்கள் கணவரிடம் பழைய முள் வாட்ச் இருந்தால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அதைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டுத் தொடவே கூடாது.

செல்போன் என்றதும் என் சொந்த அசட்டுத்தனம் நினைவுக்கு வருகிறது. கடலுக்கு நடுவில் கப்பலின் சாட்டிலைட் வழியாக போன் தானே இணைந்துகொள்ளும், சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் அதற்குப் பெரும்பாலும் செல்லாது. ஊருக்கெல்லாம் பணத்தைப் பற்றி ஆலோசனை சொல்கிற நான், ஏரோப்ளேன் மோடு போட மறந்து, இரண்டு வாட்ஸாப் படங்களுக்கு ₹4,000 சொச்சம் பில் கட்டினேன். மனைவி இன்றும் அந்தப் படங்களை ‘இரண்டாயிரம் ரூபாய் போட்டோ’ என்றுதான் சொல்கிறார்.

கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயில் கட்டுகிறீர்களா’ என்று மெஷின் அன்பாகக் கேட்கும். வேண்டாம், அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். விமானம், ஓட்டல், கப்பல் எல்லாம் சேர்த்துப் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ்., அதாவது விற்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் இருந்து ₹10 லட்சம் வரை 5 சதவீதமாக இருந்தது, 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. எதுவாக இருந்தாலும் அது செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் போய் உட்காரும் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். வரி வராது என்று தாக்கல் செய்யாமல் விட்டால் பணம் அங்கேயே கிடக்கும்.

மாடி விஷயத்துக்கு வருவோம், எனக்குக் கொஞ்சம் கோபம் வந்த இடம் அதுதான். புரோக்கர் ₹3,500-ஐ 30 நாளால் பெருக்கியிருக்கிறார். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வண்டிகள் இ-பாஸ் வாங்கி வருகின்றன. 2025 சீசனில் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எல்லையும் வைத்தது. புதிதாகத் தொடங்கும் இரண்டு அறைக்கு 16 இரவு நிரம்பினாலே பெரிய விஷயம். ₹56,000. புரோக்கருக்கு 20 சதவீதம் போனால் ₹44,800. பெட்ஷீட் துவைக்க, கூட்ட, கெய்சர் கரண்ட், அப்புறம் கோடையில் குன்னூரில் தண்ணீர் லாரி, இரவுக்கு ₹700 போட்டால் மீதி ₹33,600. இப்போது இருக்கும் குடும்பம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆண்டுக்கு ₹1,08,000 தருகிறது.

அதோடு, குடியிருக்க என்று அனுமதி வாங்கிய வீட்டை உரிமம் இல்லாமல் காட்டேஜாக விட்டு சீல் வைக்கப்பட்ட கதைகளை நம் மாவட்டத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கான மின் கட்டணத்தில் வணிகம் செய்தால் அதற்குத் தனி அபராதம். இதையெல்லாம் முறைப்படி செய்து ஹோம்ஸ்டே நடத்துவது நல்ல தொழில்தான், வேண்டுமானால் தனியாக எழுதிக் கேளுங்கள். ஆனால் மே மாதம் நீங்கள் புக்கெட்டில் படகில் இருக்கும்போது, மாடியில் வெந்நீர் வரவில்லை என்று திருப்பூர்க் குடும்பம் ஒன்று போன் செய்தால் யார் போய்ப் பார்ப்பது?

மே வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் கடல். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். சின்னப் படகை இறக்க முடியாவிட்டால் கேப்டன் அந்த ஊரையே விட்டுவிடுவார். அதற்காகக் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், அந்தத் துறைமுக வரி மட்டும் திரும்பலாம். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் அங்கே கடல் அடங்கியிருக்கும். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள், விலை ஏறும். நவம்பரில் எஃப்.டி. முழு வட்டியோடு கைக்கு வரும், முன்கூட்டியே உடைத்து அபராதம் கட்ட வேண்டாம். வட்டி இல்லாத இ.எம்.ஐ.யும் தேவைப்படாது, அதில் பிராசஸிங் கட்டணம் என்று ஒன்று ஒளிந்திருக்கும். ₹5 லட்சத்தில் ₹2.31 லட்சம் எடுத்துக்கொண்டு, மீதியை அன்றே மறுபடி எஃப்.டி. போட்டுவிடுங்கள். ஏஜென்ட்டிடம் மார்ச் தேதிக்கு விலை கேட்கும்போது ‘எல்லா வரியும் டிப்ஸும் சேர்த்து’ என்று கேளுங்கள். மூவரின் பாஸ்போர்ட்டிலும் பயணத் தேதிக்குப் பின் 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மறுபடி சிங்கப்பூருக்கே வருவதால், பல முறை நுழையும் விசா தானா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

டீத்தூள்: நான் சிரிக்கவில்லை. பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டு போங்கள், ஒரு சின்ன வடிகட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிலை மட்டும் எடுக்காதீர்கள், பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் இலவசம். பால்தான் அவ்வளவு நன்றாக இருக்காது.